காவலூர் இருட்டு

ஆலங்காயம் பக்கம் போனால் என்ன பார்க்கலாம் என்கிறீர்களா? ஜவ்வாது மலைக் காட்டில் இருக்கிற காவலூருக்குப் போங்கள். அங்கே பார்க்க வேண்டியது... இருட்டு!

அந்த இருட்டை நம்பித்தான் வைணு பாப்பு அங்கே வானாய்வகம் அமைத்தார். 1977-ல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தபோது, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் சாட்சி சொன்னது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

மரத்தை வெட்டினால் காடு போச்சு என்று நமக்குத் தெரியும். கண்டபடி விளக்குப் போட்டால் இருட்டும் போச்சு! இந்த மலையில் சந்தனத்தைக் கடத்தல்காரர்களிடம் பறிகொடுத்தோம். இருட்டையாவது காப்பாற்ற வேண்டாமா?

மலையில் தங்கினால் வாசல் விளக்கை அணைச்சுட்டு, அஞ்சு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. குழந்தைகளையும் கூப்பிடுங்க. நட்சத்திரம் பார்க்க டிக்கெட் கிடையாது!