குகைப் புறத்தில் இரண்டு இரவுகள்

முகாம் என்ற சொல் மகிழ்ச்சியோடு உச்சரிக்கப்பட்டதை என் இளமையில் நான் எமது ஊரிலே கேட்டதில்லை. அரபு மொழியிலே தங்குமிடம் எனப் பொருள்பட்ட அச்சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. வந்த சொல் இந்நாட்டிலே இரண்டு பொருள்களுக்குள் அடைபட்டுப் போயிற்று. ஒன்று இராணுவ முகாம். மற்றையது அகதி முகாம். மாங்கேணியிலே இரண்டையும் அறிந்தவர்கள் நாம். ஆகையால், சென்ற ஐப்பசியில் நண்பரொருவர், “திம்புலாகலை அடிவாரத்திலே இரண்டு இரவு முகாமிட்டுக் குகைகளைப் பார்த்து வருவோம்; ஆளுக்கு இவ்வளவு கட்டணம்” என்று அழைத்தபோது, காசு கொடுத்தும் முகாமுக்குப் போவாருண்டோ என்ற எண்ணமே எனக்கு முதலில் எழுந்தது.

விரும்பித் தங்கும் எளிய இடத்துக்கு எம்மவரிடம் சொல் இல்லாமலில்லை. கரைவலைப் பருவத்துக்கெனக் கடற்கரையிலே கட்டப்படுவது வாடி. வயற்காவலுக்குப் போனவன் படுப்பதும் வாடி. வாடியிலே சுவர் அரைகுறை, கூரை ஒழுகும், நுளம்புக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கே படுப்பவனுக்கு வீடென்று ஒன்று வேறிடத்தில் உண்டு. எப்போது அதற்குத் திரும்புவான் என்பதும் அவனுக்குத் தெரியும். கதிர்காமத்துக்கு நடந்து போவோர் காட்டு மரத்தடியில் உறங்கி எழுவதும் இவ்வகையினதே. முகாமிலிருப்பவனுக்கு இவ்விரண்டும் இல்லை.

மாங்கேணியிலிருந்து திம்புலாகலை அதிக தூரமன்று. காயங்கேணி கடந்து தெற்கே வந்து பொலன்னறுவை வீதிக்குத் திரும்பினால், புனானையும் வெலிக்கந்தையும் கழிய மன்னம்பிட்டி வரும். மகாவலிப் பாலத்தை அடையுமுன்னரே தெற்கே பிரியும் வீதியிலே மலை தெரியத் தொடங்கும். பீரங்கிக் குழாயை உயர்த்தவும் தாழ்த்தவும் செருகப்படும் ஆப்பின் வடிவை அதிலே கண்ட ஆங்கிலேயர் அப்பொருள்படவே அதற்குப் பெயரிட்டனர். எந்த மலையைக் கண்டாலும் பீரங்கி ஞாபகம் வருவது ஆட்சியாளருக்கு இயல்புபோலும். பண்டுகாபயன் அரசுரிமை பெறுமுன் அரணாகக் கொண்டிருந்ததாக மகாவம்சம் கூறும் மலையும் இதுவே என்பர்.

நாம் தங்கிய இடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. மரங்களுக்கிடையே துப்புரவாக்கிய ஒரு துண்டு நிலம், ஐந்தாறு கூடாரங்கள், ஒரு கிணறு, கிடுகு வேய்ந்த சமையற் கொட்டில், யானைக்கு அஞ்சிக் கட்டிய மின்வேலி. ஓரத்திலே பழைய சிறு பஸ் ஒன்று நின்றது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் வைத்து, அதையே வீடாக்கிக்கொண்டு கொழும்பிலிருந்து ஒரு தம்பதியர் வந்திருந்தனர். அமெரிக்காவிலே இத்தகைய வாகன வீடுகளுக்கென்றே மலைப் பிரதேசங்களில் நிறுத்துமிடம் ஒதுக்கி, நீர்க்குழாயும் மின்னிணைப்பும் கொடுப்பார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்தது கிணற்று வாளி ஒன்றுதான். அதையே அவர்கள் பெரும் பேறாகக் கருதியதைக் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, சிறிது பொறாமையும் வந்தது.

மாலையில் மேகம் கறுத்தது. காவலுக்கிருந்த முதியவர் மன்னம்பிட்டிப் பக்கத்துத் தமிழர். யாரும் கேளாமலே மண்வெட்டியை எடுத்து வந்து எமது கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் கான் வெட்டத் தொடங்கினார். “மழை வராமலும் போகலாம், ஐயா, ஏன் சிரமப்படுகிறீர்கள்?” என்றார் நண்பர். “தண்ணி சொல்லிப்போட்டா வரும் மனே?” என்றார் அவர், வெட்டுவதை நிறுத்தாமலே.

நான் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தக் கடல் எம்மை உயிரோடு விட்டு, வீட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டது. அதன் பின் மாதக்கணக்கில் எமது வாழ்க்கை ஒரு வெள்ளைக் கூடாரத்துக்குள் நடந்தது. நண்பகலில் அதற்குள் இருக்க முடியாது. துணி வழியே வெயில் இறங்கிக் காற்றே கொதிக்கும். இரவிலே மழை பெய்தால் நிலத்தின் கீழிருந்து ஈரம் ஏறிப் பாயை நனைக்கும். அம்மா ஒவ்வொரு நாளும் மாலையிலே கானைத் தோண்டுவாள். மணல் நிலமாகையால் காலையில் அது தூர்ந்துவிடும். மாலையில் மறுபடி தோண்டுவாள். எம்மைப் பார்க்க வந்தோர் பலர். வாசலிலே நிறுத்திப் படமெடுப்பர். சிலர் சிரிக்கச் சொல்வர், வேறு சிலர் சிரிக்க வேண்டாமென்பர். பென்சில் கிடைத்தமையால் எனக்கு அதிலே குறையொன்றும் தோன்றவில்லை. அம்மா மாத்திரம் எந்தப் படத்திலும் இல்லை. யாராவது கருவியை எடுத்தால் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும், போரினால் வாகரைப் பிரதேசத்து மக்கள் பல்லாயிரவர் மீண்டும் கூடாரங்களுக்குள் வந்தனர். அக்கதையை எழுத இவ்விடம் போதாது.

அன்றிரவு மழை பெய்தது. கூடாரத்துக்குள் ஒரு துளியும் வரவில்லை.

மறுநாள் மாரவீதிய எனப்படும் குகைத் தொகுதிக்கு ஏறினோம். குகை என்றதும் சுண்ணாம்புக் கல்லை நீர் அரித்து உண்டாக்கிய, தூண்களும் தொங்கல்களும் நிறைந்த நிலக்கீழ் மண்டபங்களை எண்ணுவோர் ஏமாறுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலிருப்பது சுண்ணக்கல். எமது கிழக்குக் குன்றுகளோ மிகப் பழைய பளிங்குருப் பாறைகள், நீரிலே கரையா. பெரும் பாறையொன்று முன்னோக்கிச் சாய்ந்து நிற்க, அதன் கீழ் உண்டாகும் ஒதுக்கிடமே இங்கே குகை. அத்தகைய இடத்தில் ஒரு தொல்லை உண்டு. பாறையின் மேல் விழும் மழைநீர் விளிம்பிலே நின்று சொட்டிவிடாது. பாறையைப் பற்றிக்கொண்டே வளைந்து உள்ளே வழிந்து வந்து படுத்திருப்பவனை நனைக்கும். இதற்குப் பழங்காலத்தவர் கண்ட பரிகாரம் வெகு எளிது. குகை வாயிலின் மேலே, பாறையின் நெற்றியில், புருவம்போல் ஒரு விளிம்பு வெட்டினார்கள். வழிந்து வரும் நீர் அவ்விளிம்பைத் தாண்ட மாட்டாமல் அங்கேயே சொட்டிவிடும். ஈராயிரம் ஆண்டுக்கு முன் உளி கொண்டு செய்த அவ்வேலை இன்றும் பயன்படுகிறது. முதல்நாள் மழையின் ஈரம் விளிம்புவரை கறுத்திருக்க, அதற்கு உட்பட்ட பாறை வெளுத்து உலர்ந்து கிடந்தது. சரித்திரத்தை விட்டு அந்தக் கோட்டையே நெடுநேரம் பார்த்தேன் என்றால் மிகையாகாது.

இத்தகைய விளிம்புகளின் கீழ், நாட்டின் பல பாகங்களிலும், குகையைப் பிக்குகளுக்குத் தானஞ் செய்தவரின் பெயர்கள் பிராமி எழுத்திலே பொறிக்கப்பட்டுள்ளன. பேராசிரியர் பரணவிதான 1970 இல் வெளியிட்ட தொகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்காலச் சாசனங்கள் உள்ளன. வவுனியாவிலுள்ள பெரியபுளியங்குளத்துச் சாசனமொன்று விசாகன் என்ற தமிழ் வணிகனைக் குறிப்பிடுவது யாவரும் அறிந்ததே. திம்புலாகலையிலே 12 ஆம் நூற்றாண்டில் விக்கிரமபாகுவின் அரசி சுந்தரமகாதேவி செய்த திருப்பணியையும் கல்வெட்டுக் கூறுகிறது. தானங் கொடுத்தவர் பெயர் கல்லிலே நிற்கிறது. விளிம்பை வெட்டியவன் பெயரையும், அவருக்கு முன் அதே பாறையின் கீழ் ஈரத்திலே படுத்திருந்த குடும்பத்தின் பெயரையும் எவரும் பொறிக்கவில்லை.

அக்குடும்பங்களின் வழிவந்தோராகக் கருதப்படுபவர் வேடர். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூல், குகைகளிலே வாழ்ந்த சில குடும்பங்களைப் பற்றிய அரிய சான்று. அதிலே மற்றொரு செய்தியும் உண்டு. வெள்ளைக்காரப் பிரயாணிகள் வரும்போதெல்லாம் அழைத்துக் காட்டப்பட்டமையால், வேடர் சிலர் அன்றாடம் உடுப்பதிலும் குறைவாக உடுத்து, எதிர்பார்க்கப்பட்ட வேடராகவே நிற்கப் பழகிவிட்டனராம். குகை மாத்திரமன்றிக் குகைவாசியும் காட்சிப் பொருளானான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையிலே 1842 இல் இதனினும் கொடிய காட்சி நடந்தது. அக்குகையை வாங்கியிருந்த குறொகன் என்ற மருத்துவர், குகைக் காற்று காசநோயைத் தீர்க்குமென நம்பி, உள்ளே குடில்கள் அமைத்து நோயாளரைத் தங்கவைத்தார். கட்டணஞ் செலுத்திக் குகை பார்க்க வந்தோர் விளக்கோடு அவர்களைக் கடந்து சென்றனர். எவரும் குணமடையவில்லை, சிலர் அங்கேயே மாண்டனர். கற்குடில் இரண்டு இன்றும் காட்டப்படுகின்றன.

செலிக்மன் தமது நூலிலே கரையோர வேடரையும் எழுதியிருக்கிறார். அவர்கள் எமது அயலார், மாங்கேணியிலும் பனிச்சங்கேணியிலும் வாகரையிலும் வாழ்பவர், தமிழ் பேசுபவர், கடலையும் காட்டையும் நம்பியவர். சுனாமிக்குப் பின் எமக்கு இரண்டு கூடாரம் தள்ளியிருந்த குடும்பம் அவர்களுடையது. அக்குடும்பத்து முதியவள் உட்புற மலைகளிலிருந்தே தம் முன்னோர் கரைக்கு வந்தனரென்று சொல்வாள். மாரவீதியவின் நிழலிலே உட்கார்ந்திருந்தபோது அவள் நினைவு வந்தது. அவளும் படமெடுக்க வந்தோர்முன் நின்றாள். ஆனால் தன் நல்ல சேலையை உடுத்து வந்தே நின்றாள். படமெடுத்தவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இரண்டாம் இரவு வானம் வெளித்திருந்தது. பஸ் வீட்டுத் தம்பதியர் தம் தேநீரைப் பகிர்ந்தனர். முதியவர் யானைக் கதைகள் சொன்னார். நான் மனநிறைவோடு உறங்கினேன். வலிந்து வாய்த்த கூடாரத்தை அனுபவித்தவன், விரும்பித் தேடிய கூடாரத்தில் இன்பங் காண்பது பழையதற்குத் துரோகமாகாது என்றே நான் கருதுகிறேன். நாளை மறுநாள் வீடு போவோம் என்ற அறிவு ஒன்றே தலையணையைப் போதுமான அளவு மென்மையாக்கிவிடுகிறது. அந்த அறிவு கிடையாதவர் இன்றும் உலகின் பல பாகங்களிலே கூடாரங்களில் இருக்கின்றனர் என்பதும் எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அரசியையும் கல்வெட்டையும் அவள் பொறுமையோடு கேட்டாள். பாறைப் புருவத்தைப் பற்றிச் சொன்னபோது கையாற் காட்டச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள். கட்டணம் எவ்வளவென்று கேட்கவேயில்லை.

“கான் ஆர் வெட்டின?” என்றாள்.

சொன்னேன்.

“அந்த மனிசனுக்குத் தனியா ஏதும் குடுத்தயா மனே?”

கொடுத்தோம் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.