குதிரை தலையாட்டினால் சலாம் அல்ல!

கல்யாண சீசன் வந்துவிட்டால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வண்டி சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிப்காட் லாரிகள் ஓடும் தார் ரோட்டில், பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் குதிரை நடந்து வரும். அது தலையை மேலும் கீழும் ஆட்டினால், ‘பாரு, சலாம் போடுது’ என்று குழந்தைகள் கைதட்டுவார்கள்.

பழக்கிய குதிரை நின்ற இடத்தில் தலையாட்டுவது வேறு. நடக்கும்போது, ஓடும்போது ஒரு பக்கக் கால் படும்போதெல்லாம் தலை தூக்கித் தூக்கி இறங்கினால் அது பெரும்பாலும் வலி. முன்காலில் வலி இருக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும் நொடியில் தலையைத் தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். வலிக்கும் காலில் பாரம் விழாமல் இருக்க, அதற்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

குதிரையின் ஒவ்வொரு காலிலும் தரையில் பதிவது ஒரே ஒரு விரல். நம் நடுவிரலுக்குச் சமமான அந்த விரலின் நகம்தான் குளம்பு. 300, 400 கிலோ உடம்பை நான்கு நகங்கள் தாங்குகின்றன. அதிலும் பாதிக்கு மேல் பாரம் முன்கால்களில்தான். குளம்புக்கு உள்ளே பாத எலும்பு இருக்கிறது. மெல்லிய மடிப்பு மடிப்பான சதை, அந்த எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது.

நகம் என்றால் வளரத்தானே செய்யும்? மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. காட்டில் திரியும் குதிரைக்கு அது நடந்து நடந்தே தேய்ந்துவிடும். லாடம் அடித்த குதிரைக்கு இரும்புதான் தேயும், குளம்பு தேயாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, மறுபடி அடிக்க வேண்டும். ‘லாடம் இன்னும் தேயலையே’ என்று தள்ளிப்போட்டால், குளம்பின் முனை முன்னோக்கி நீண்டுவிடும், குதிகால் தாழ்ந்துவிடும். அளவு பெரிதான செருப்பைப் போட்டு நடப்பவர்போல ஒவ்வோர் அடியிலும் இழுபடும். காலின் பின்புறத் தசைநார்கள்வரை அந்தப் பாரம் ஏறும்.

மழைக்காலம் இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டில் சேறும் சாணமுமாகக் கிடந்தால் அடிக்குளம்பு ஊறி, கறுத்து, நாற்றம் எடுக்கும். தீனியாலும் குளம்பு கெடும் என்பது பலருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் இனிப்பையும் அன்போடு அள்ளி வைக்கிறார்கள். மாவுச்சத்து ஒரேயடியாக வயிற்றுக்குள் போனால், எலும்பைப் பிடித்திருக்கும் அந்த மடிப்புச் சதை வீங்கிவிடலாம். பிடி தளர்ந்தால் உள்ளே இருக்கும் எலும்பே சாய்ந்துவிடும். முன்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் குதிரைக்கு அன்றைக்கே டாக்டர் வேண்டும்.

ஆனால் யாரிடம் போவது? மாட்டு வண்டி ஓடிய காலத்தில் ஊருக்கு ஊர் லாடம் அடிப்பவர் இருந்தார். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பிளவுபட்ட குளம்பில் தனித்தனித் தகடாக அடிப்பார். குதிரை லாடம் அப்படியல்ல. குதிரை நிற்க வேண்டும். அதன் காலைத் தன் தொடையில் ஏந்திக்கொண்டு இவர் குனிய வேண்டும். ஆணி உயிர்ச்சதைக்குப் போகாமல் வெளிச் சுவரில் ஏறி, பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். விரல் நகத்தின் தடிமனில் கை தவறினாலும் உள்ளே சீழ் பிடிக்கும். வண்டிகள் குறைந்தன, அந்தக் கைகளும் குறைந்தன. இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அதைக் குளம்புக்குப் பொருத்தும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

குளம்பு கோணலாகிவிட்ட குதிரைக்கு லாடம் அடிப்பவர் மட்டும் போதாது. உள்ளே எலும்பு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று எக்ஸ்ரே சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் எங்கே, எவ்வளவு சீவலாம் என்று டாக்டரும் லாடம் அடிப்பவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். 1903-இல் தொடங்கப்பட்டு வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எட்டாத தூரம் இல்லை. நடு அடியில் பாரத்தைத் தாங்கும் குறுக்குப் பட்டை வைத்த லாடம், குதிகாலை மூடிய முட்டை வடிவ லாடம் என்று நோய்க்குத் தக்கபடி வகைகள் உண்டு.

இதில் பெரிய ஆபத்து அவசரம்தான். நீண்டு போன குளம்பை ஒரே நாளில் ‘சரியான’ வடிவத்துக்கு வெட்டிவிட்டால் குதிரை படுத்துவிடும். பல மாதக் கோணலுக்குப் பழகிவிட்ட மூட்டும் நரம்பும் திடீர் மாற்றத்தைத் தாங்காது. இந்த முறை கொஞ்சம், ஆறு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் என்றுதான் சீவ வேண்டும். லாடம் அடிப்பவர் குளம்பைக் குணப்படுத்துவதில்லை. புதுக் குளம்பு ரோம வரம்பிலிருந்து நேராக இறங்க வழிவிடுகிறார், அவ்வளவுதான். முன்பக்கச் சுவர் மேலிருந்து தரைவரை முழுதாகப் புதிதாக ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும்.

குதிரைக்காரருக்கு அந்த ஒரு வருடம் லேசானதல்ல. குதிரை நின்றால் வாடகை இல்லை; கொள்ளும் புல்லும் மட்டும் தினமும் வேண்டும். அதனால் இரண்டு முறை சீவியதும் நடை கொஞ்சம் தேறினால், ‘அதான் சரியாயிடுச்சே’ என்று மறுபடி வண்டியில் பூட்டிவிடுகிறார்கள். அப்போது குளம்பின் மேலே கொஞ்சம்தான் புதிது. தரையில் படுவது இன்னும் அந்தப் பழைய, பலவீனமான பகுதி.

சாரட் வண்டிக்கு முன்பணம் கொடுப்பவர் ஒரு நிமிடம் குதிரையை நடத்திக் காட்டச் சொல்லலாம். தலை ஆடுகிறதா, நான்கு குளம்பும் ஒரே சீராக ஒலிக்கிறதா என்று பார்த்தால் போதும். நொண்டும் குதிரையை யாரும் எடுக்கவில்லை என்றால், மூன்றாவது முறை சீவுவதற்கும் லாடம் அடிப்பவரை அழைப்பார்கள்.