ராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை: கல்லூரிப் பிள்ளைகளோடு ஒரு பயணம்



விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் அமைந்துள்ளன. ஒன்று ராஜபாளையம், மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரையிலிருந்து தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சென்றவர்கள் இவ்விரு ஊர்களையும் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். ராஜபாளையம் என்றால் நூற்பாலைகளும், மருத்துவமனைகளுக்குச் செல்லும் கட்டுத்துணியும், அவ்வூரின் பெயரையே தாங்கிய வெண்ணிற வேட்டை நாயும் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவாவும், வானளாவிய கோபுரமும் நினைவுக்கு வரும்.

இவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது வேறு இரண்டு இடங்களுக்கு. ஒன்று, இவ்வூர்களின் காலை நேரப் பேருந்து. மற்றொன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள நீதிமன்றம். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

காலை நேரச் சாலை

ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். ஆலைகள் பெருகிய ஊரில் கல்வி நிலையங்களும் தோன்றின. 1973இல் ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மதுரைச் சாலையில் சென்றால் கிருஷ்ணன்கோவில். அங்கே 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட கலசலிங்கம், 2006 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது.

ஆகவே, காலை எட்டு மணிக்கு இச்சாலையில் பயணம் செய்து பாருங்கள். இடப்புறம் மலைத்தொடர் நீலமாக நீண்டு கிடக்கும். பேருந்துக்குள்ளோ புத்தகப் பைகளும், அடையாள அட்டைகளும், மதிய உணவுத் தூக்குகளும் நிறைந்திருக்கும். கூட்டத்தில் பெண் பிள்ளைகள் பலர். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் வந்தது. முக்காடிட்ட நம் வீட்டுப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள்.

இக்காட்சி உள்ளத்தை நிறைக்கிறது. ஆயினும் ஒரு கேள்வியும் எழுகிறது. கல்லூரியின் மதிலுக்குள் இப்பிள்ளைகளுக்குத் தீங்கு ஏதேனும் நேர்ந்தால், அவர்கள் அதை யாரிடம் சொல்வார்கள்?

நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு

மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்டத் தலைமை நீதிமன்றம் அமைந்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டத்தின் பெரிய வழக்குகள் இவ்வூருக்கே வந்து சேரும். அவ்வாறு வந்த வழக்குகளுள் ஒன்று நாடு முழுவதும் பேசப்பட்டது.

இதே மாவட்டத்தைச் சேர்ந்த அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்குப் பணியாற்றிய கணிதத் துறை உதவிப் பேராசிரியை ஒருவர், தம் மாணவியர் நால்வரிடம் தொலைபேசியில் பேசினார். பல்கலைக்கழகத்தின் உயர் அதிகாரிகளுக்கு இணங்கி நடந்தால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். பாடம் சொல்லித்தரும் ஆசிரியையின் வாயிலிருந்து அச்சொற்கள் வந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்!

அம்மாணவியர் என்ன செய்தார்கள்? மறுத்தார்கள். இப்பேச்சே வேண்டாம் என்று மரியாதை குறையாமல், அதே சமயம் உறுதியாகச் சொன்னார்கள். உரையாடலைப் பதிவு செய்தார்கள். கல்லூரி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார்கள். நிர்வாகம் அப்பேராசிரியையைப் பணியிடை நீக்கம் செய்தது. ஏப்ரலில் அந்த ஒலிப்பதிவு வெளியே பரவியது, மக்கள் கொதித்தெழுந்தனர். காவல்துறை அவரைக் கைது செய்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. ஆளுநர் நியமித்த ஒருநபர் குழுவும் தனியே விசாரணை நடத்தியது.

ஆண்டுகள் ஆறு உருண்டோடின. 2024 ஏப்ரல் இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் விரைவு மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேராசிரியைக்குப் பத்தாண்டுச் சிறை. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலை செய்யப்பட்டனர்.

நால்வர் கற்பிக்கும் பாடம்

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது தண்டனையை மட்டுமன்று. மதிப்பெண் வழங்கும் அதிகாரம் ஆசிரியர் கையில் இருக்கிறது. மறுத்தால் படிப்பு பாழாகுமோ என்ற அச்சம் எந்த மாணவிக்கும் வரும். அந்த அச்சத்தையும் மீறி அவர்கள் நால்வராகச் சேர்ந்து நின்றார்கள். தனியொருத்தி மட்டும் சொல்லியிருந்தால், "அவள் தவறாகப் புரிந்துகொண்டாள்" என்று புறந்தள்ளியிருக்கக் கூடும். நால்வரின் சொல்லையும் கையிலிருந்த ஒலிப்பதிவையும் எளிதில் புறந்தள்ள முடியவில்லை.

தமிழகத்தின் பிற வளாகங்களிலும் இத்தகைய நிகழ்வுகள் சட்டத்தையே மாற்றியிருக்கின்றன. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு, ராகிங் கொடுமையில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் விளைவாக 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. அவ்வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்தவரை 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. ஒரு பெற்றோரின் காத்திருப்பு பதினைந்து ஆண்டுகள்!

2024 டிசம்பர் 23ஆம் நாள் இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மாணவி ஒருவர் வெளியாள் ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளானார். மிரட்டலுக்கு அஞ்சி அவர் வாய்மூடி இருந்துவிடவில்லை. மறுநாளே புகார் கொடுத்தார். 2025 ஜூன் மாதம் குற்றவாளிக்கு, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. புகாரைச் சொன்ன விரைவே நீதிக்கும் விரைவைத் தந்தது எனலாம்.

மாணவச் செல்வங்களுக்கு

கல்லூரியில் சேரும் நாளிலேயே சில செய்திகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியும், 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படியும், ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று கேட்டறியுங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் காலத்தை நீட்டிக்கவும் வழி உண்டு.

ராகிங் கொடுமைக்குக் கட்டணமில்லா எண் 1800-180-5522. பெண்களுக்கான உதவி எண் 181. எந்த அவசரத்துக்கும் 112. படங்களைக் காட்டி மிரட்டினால் இணையக் குற்ற எண் 1930. மிரட்டும் செய்திகளை அருவருப்பால் அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி. ஆய்வகத்தில் நேரமாகிவிட்டால் தோழியரோடு சேர்ந்து புறப்படுங்கள். நடமாட்டமற்ற குறுக்குவழியைவிட விளக்கெரியும் சுற்றுவழியே மேல். ஆண் பிள்ளைகளே, இந்த அறிவுரை உங்களுக்கும் உரியது. புதிதாக வந்த தம்பியை மூத்தவர்கள் வதைக்கும்போது வேடிக்கை பார்த்து நிற்பதும் குற்றத்துக்குத் துணைபோவதே.

பெற்றோருக்கு ஒரு சொல்

இனி, பெற்றோரே, உங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? குற்றவாளியிடம் உள்ள அச்சம் பாதி. வீட்டிலுள்ளோர் என்ன செய்வார்களோ என்ற அச்சம் மறுபாதி. "அத்தா, ஒருவன் பின்தொடர்கிறான்" என்று மகள் சொன்ன மறுநாளே அவளுடைய படிப்பை நிறுத்திவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படிச் செய்தால் தண்டனை யாருக்கு? தவறு செய்தவன் வழக்கம்போல் தெருவில் உலவுகிறான். சொன்னவள் வீட்டுக்குள் முடங்குகிறாள். அவளுடைய தங்கை அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். நாளை அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால், அவள் எப்படிச் சொல்வாள்?

கல்வி தேடுவது ஆண், பெண் இருபாலார் மீதும் கடமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அக்கடமையை நிறைவேற்றச் செல்லும் பிள்ளைக்குக் காவலாக நிற்பதும் நம் கடமையே. பிள்ளை ஒன்று சொன்னால் முதலில் முழுவதும் கேளுங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று தொடங்காதீர்கள். பிறகு அவளுடன் கல்லூரி முதல்வரைச் சென்று பாருங்கள். புகாரின் நகலில் கையொப்பமும் தேதியும் பெறுங்கள். தீர்வில்லையேல் காவல் நிலையம் செல்லுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, 'பெயர் கெட்டுவிடும்' என்ற அச்சத்துக்கு இடம் தராதீர்கள்.

அந்த நான்கு மாணவியரும் செல்வாக்கு மிக்க குடும்பத்துப் பிள்ளைகள் என்று எங்கும் படித்ததில்லை. அவர்களிடம் இருந்தவை வேண்டாம் என்று சொல்லும் துணிவும், ஒருவருக்கொருவர் துணை நிற்கும் மனமுமே. நம் பிள்ளைகளிடமும் அத்துணிவு வளர வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளிலேயே மகனை, மகளை அருகில் அமர்த்தி இதைச் சொல்லிவிடுங்கள்: "என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல். உன் படிப்பு நிற்காது." இவ்வாக்கை இன்றே கொடுங்கள்; கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வல்ல இறைவன் நம் மக்களைக் காத்தருள்வானாக!