ஓரளவுக்கு வேகமான ஆர்

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எலெக்டிவ் எடுத்த யாரையாவது பிடித்து ஆர் மொழியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லாதான் இருக்கு மச்சி, ஆனா ரொம்ப ஸ்லோ." அடுத்த வரியும் ரெடியாக இருக்கும்: "பேசாம பைத்தானுக்கு மாறிடு."

நானும் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தேகம் வரும். ஒரு மொழி எப்படி ஸ்லோவாக இருக்க முடியும்? மொழி என்பது சில விதிகள், அவ்வளவுதான். அந்த விதிகளின்படி நம்ம கோடை ஓட்டுவது இன்னொரு புரோகிராம். அதே விதிகளை வைத்துக்கொண்டு, அந்த ஓட்டும் புரோகிராமை மட்டும் வேறு ஒருவர் வேறு மாதிரி எழுதினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்த கதைதான் இது. அடுத்த செமஸ்டருக்கு புராஜெக்ட் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மூன்றாம் ஆண்டு நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் சுருக்கமாக வரலாறு. 1976-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஜான் சேம்பர்ஸும் அவருடன் இருந்தவர்களும் 'எஸ்' என்ற மொழியைத் தொடங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேர், எஸ் மாதிரியே எழுதலாம் என்கிற ஒரு மொழியை உருவாக்கினார்கள். இரண்டு பேர் பெயரிலும் முதல் எழுத்து ஒன்றுதான் என்பதால் பெயர் ஆர். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று ஆர் 1.0.0 வெளியானது. அதை எழுதியவர்களுக்கு முக்கியம், புள்ளியியல் ஆட்கள் மனதில் நினைத்ததை நேராக எழுதிப் பார்க்க முடிய வேண்டும் என்பது. மெஷின் வேகம் அதற்குப் பிறகுதான்.

சரி, ஸ்லோ எங்கே வருகிறது? ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

உங்கள் ரெக்கார்ட் நோட்டை நண்பன் கேட்கிறான். கொடுத்தால் கிறுக்கிவிடுவான் என்ற பயம். அதனால் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறீர்கள். இனி அவன் என்ன எழுதினாலும் உங்கள் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆர் தன்னைப் பயன்படுத்துபவர்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதியும் இதுதான். ஒரு வெக்டரை ஃபங்ஷனுக்குள் அனுப்பினால், உள்ளே என்ன மாற்றினாலும் வெளியே இருப்பது மாறாது. பைத்தானில் ஒரு லிஸ்ட்டை ஃபங்ஷனுக்குள் அனுப்பி, திரும்பி வந்து பார்த்தால் உள்ளே இருந்தது மாறிப்போய், மண்டையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் இருந்தால் இந்த வாக்குறுதியின் அருமை புரியும்.

ஆனால் கேட்டவுடனே ஜெராக்ஸ் எடுத்தால் காசு வீண். நண்பன் சும்மா படிக்க மட்டும் கேட்டிருக்கலாம். அதனால் ஆர் ஒரு தந்திரம் செய்கிறது: யாராவது பேனாவை எடுத்து எழுதப் போகும்போதுதான் ஜெராக்ஸ். அதற்கு ஒரு கணக்கு வேண்டும். இந்த நோட்டு இப்போது எத்தனை பேர் கையில் இருக்கிறது?

பழைய ஆரில் அந்தக் கணக்குக்கு மூன்றே எண்கள்: 0, 1, 2. 0 என்றால் இன்னும் யாருக்கும் சொந்தமில்லை. 1 என்றால் ஒருவரிடம் மட்டும். 2 என்றால் 'ஒருவேளை பல பேரிடம்'. வில்லங்கம் எங்கே என்றால், 2 ஆகிவிட்டால் பெரும்பாலும் 2-தான். நண்பன் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, ஆனாலும் லெட்ஜரில் 'பல பேரிடம்' என்றே எழுதியிருக்கும். நீங்கள் உங்கள் சொந்த நோட்டில் ஒரு வரி எழுதப் போனாலும் ஆர் முழு நோட்டையும் ஜெராக்ஸ் எடுக்கும்.

இது எவ்வளவு செலவு? நீங்களே போட்டுப் பாருங்கள். 1,00,000 தசம எண்கள் உள்ள ஒரு வெக்டர், ஒவ்வொன்றுக்கும் 8 பைட், மொத்தம் 800 கேபி. ஒரு லூப். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெக்டரை நீங்கள் எழுதிய ஃபங்ஷனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்கிறீர்கள், பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறீர்கள். சுற்றுக்கு ஒரு ஜெராக்ஸ். 1,00,000 சுற்று என்றால் 80 ஜிபி அளவுக்கு மெமரியில் காப்பி நடந்திருக்கும். நீங்கள் உண்மையில் மாற்றியது 800 கேபி. டேட்டா 10 மடங்கு கூடினால் இந்தச் செலவு 100 மடங்கு கூடும். சிமுலேஷன் எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதுவது கிட்டத்தட்ட இந்த மாதிரி லூப்தான்.

இங்கேதான் ராட்ஃபோர்ட் நீல் வருகிறார். கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஜெஃப்ரி ஹின்டனிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். நியூரல் நெட்வொர்க்கைப் பேயீசியன் முறையில் பார்ப்பது பற்றிய அவருடைய ஆய்வேடு அந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். 2010-இல் அவர் ஆரில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கணக்கில் சாதாரண அடைப்புக்குறி போடும் இடத்தில் நெளிவு அடைப்புக்குறி போட்டால் புரோகிராம் வேகமாக ஓடியது! விடை ஒன்றுதான், வேகம் மட்டும் வேறு. உள்ளே போய்ப் பார்த்தால், சாதாரண அடைப்புக்குறியை ஆர் ஒரு ஃபங்ஷன் கால் போல நடத்தி, தேவையே இல்லாமல் அதற்கென்று மெமரி ஒதுக்கிக்கொண்டிருந்தது.

நாமாக இருந்தால் இதை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். அவர் சோர்ஸ் கோடில் இறங்கினார். இதேபோன்ற இடங்களைத் தேடித்தேடி 14 பேட்ச்கள் எழுதினார். சிலவற்றை ஆர் குழு ஏற்றுக்கொண்டது, எல்லாவற்றையும் இல்லை. 2013-இல் ஆர் 2.15.0-ஐ அடிப்படையாக வைத்துத் தன்னுடைய சொந்தப் பதிப்பையே வெளியிட்டார். பெயர் பிகியூஆர். 'ப்ரெட்டி குயிக் ஆர்' என்பதன் சுருக்கம். நம்ம பாஷையில் சொன்னால் 'ஓரளவுக்கு வேகமான ஆர்'. 'சூப்பர்', 'டர்போ' எதுவும் இல்லை. அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

உள்ளே என்ன செய்தார்? முதலில், அந்த 0, 1, 2 லெட்ஜரை எடுத்துவிட்டு நிஜமான கணக்கைக் கொண்டுவந்தார். நோட்டு போனால் கூட்டு, திரும்பி வந்தால் கழி. மேலே பார்த்த ஜெராக்ஸ்களில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

இரண்டாவது எனக்குப் பிடித்தது. பத்து மில்லியன் எண்களுக்கு எக்ஸ்பொனென்ஷியல் கண்டுபிடித்து, அதன் கூட்டுத்தொகை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆர் முதலில் 80 எம்பி-க்கு ஒரு புது வெக்டர் உருவாக்கும், அதைக் கூட்டும், பிறகு தூக்கிப்போடும். ஹாஸ்டல் மெஸ்ஸில் இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று வார்டன் கேட்டதற்கு, எல்லார் பெயரையும் தாளில் எழுதி, எண்ணிச் சொல்லிவிட்டு, தாளைக் கிழித்துப் போடுகிற மாதிரி. பிகியூஆரில் கேட்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "எனக்கு மொத்தம் மட்டும் போதும்." அப்போது தாளே வேண்டாம். லூப்பிலும் இதே கதைதான். ஒன்றிலிருந்து ஒரு கோடி வரை ஓடும் லூப்புக்கு, அந்தக் காலத்து ஆர் முதலில் ஒரு கோடி எண்களையும் மெமரியில் வரிசையாக எழுதிவைக்கும், 40 எம்பி. பிகியூஆர் எழுதாமலே எண்ணும்.

மூன்றாவது, உதவி த்ரெட்கள். பெரிய வெக்டர் கணக்கு ஒன்று வந்தால், அதை இன்னொரு கோரிடம் கொடுத்துவிட்டு மெயின் புரோகிராம் அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த விடை நிஜமாகத் தேவைப்படும்போது மட்டும் நின்று காத்திருக்கும். நீங்கள் கோடில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

இவர் மட்டும் தனியாக இறங்கவில்லை. நெதர்லாந்திலிருந்து ரெஞ்சின், ஜாவா மெஷின் மேல் ஆரை ஓட்டியது. ஸ்டான்ஃபோர்டில் ரிப்போஸ்ட் என்ற ஒன்று. பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஆரக்கிள் லேப்ஸுக்குப் போன ஃபாஸ்ட்ஆர். ஏன், ஆரை உருவாக்கிய இஹாகாவே 2008-இல், லிஸ்ப்பை அடித்தளமாக வைத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு கட்டுரையில் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார்.

இவ்வளவு பேர் மோதியும் இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் இருப்பது எது? அதே ஆக்லாந்து ஆர்தான்.

காரணம் எளிது. ஆர் என்றால் மொழி மட்டும் கிடையாது. சிரான் என்ற களஞ்சியத்தில் இருக்கும் 20,000-க்கு மேற்பட்ட பேக்கேஜ்களும் சேர்ந்ததுதான் ஆர். அதில் ஏராளமானவை உள்ளுக்குள் சி, சி++, ஃபோர்ட்ரான் கோடை வைத்திருக்கின்றன. அந்தக் கோட், ஆர் தன் வெக்டரை மெமரியில் எப்படி அடுக்கிவைத்திருக்கிறது என்பதை நேரடியாகத் தொட்டு வேலை செய்யும். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டலாம், ஆனால் குடியிருப்பவர்கள் எல்லாரும் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சுவரையும் நகர்த்த முடியாது. நீலின் பிகியூஆர் பழைய ஆரிலிருந்தே பிரிந்ததால் அந்தப் பிரச்சினை அவருக்குக் குறைவு. ஆனால் காலம் போகப்போக, பேக்கேஜ்கள் "ஆர் 3-க்கு மேல் இருந்தால்தான் வருவேன்" என்று சொல்லத் தொடங்கின. தனியாக நிற்கும் ஒருவர், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு குழுவை எவ்வளவு தூரம் துரத்த முடியும்?

அப்போ தோல்விதானே என்று கேட்கலாம். 2018-இல் வந்த ஆர் 3.5.0-ஐப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒரு கோடி வரை என்று எழுதினால் இப்போது அது 40 எம்பி எடுக்காது. தொடக்கம், நீளம் மாதிரி சில விவரங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். 2020-இல் வந்த ஆர் 4.0.0-இல் அந்த 0, 1, 2 லெட்ஜர் போய், கூட்டிக் கழிக்கும் நிஜக் கணக்கு வந்துவிட்டது. பிகியூஆரிலிருந்து கோடை அப்படியே எடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆர் குழுவில் லூக் டியர்னி போன்றவர்கள் பல வருடங்களாகத் தனி வழியில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் இந்த மொழிக்குள்ளேயே, வாக்குறுதியை உடைக்காமலேயே முடியும் என்று 2013-லேயே ஒருவர் ஓட்டிக் காட்டியிருந்தார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போன வருடம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மினி புராஜெக்டாக ஒரு குட்டி இன்டர்பிரட்டர் எழுதினோம். வெக்டர் கணக்கு மட்டும் தெரிந்த ஒரு மொழி. ரிவ்யூவில் ஒருவர் டெமோவைப் பார்க்கும் முன்னாலேயே கேட்டார்: "ஆல்ரெடி இவ்ளோ லாங்குவேஜ் இருக்கே, இதை யாருப்பா யூஸ் பண்ணுவா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் யூஸ் பண்ண மாட்டார்கள், அது எங்களுக்கே தெரியும். அடுத்த பேட்ச், அந்தக் கேள்விக்குப் பயந்தே, முகம் பார்த்து அட்டென்டன்ஸ் போடும் ஆப்புக்குப் போய்விட்டது. என் ஜூனியர் ஒருவன் கம்பைலர் பக்கம் நல்ல ஆர்வம் உள்ளவன், அவனும் போனான். அதுதான் எனக்கு வருத்தம்.

நீலிடமிருந்தே இதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. இசிஇ நண்பர்களுக்கு எல்டிபிசி கோட் தெரிந்திருக்கும். 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ராபர்ட் கேலகர் தன் முனைவர் பட்டத்துக்காகக் கண்டுபிடித்தது. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது தாங்காது. கிட்டத்தட்ட 30 வருடம் அலமாரியிலேயே கிடந்தது. 1990-களின் நடுவில் அதைத் தூசி தட்டி, எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியவர்கள் டேவிட் மெக்கேயும், இதே ராட்ஃபோர்ட் நீலும். இன்றைக்கு 5ஜி-யில் டேட்டா சேனலுக்கு எல்டிபிசிதான். கேலகரின் ரிவ்யூவில் "இதை யாரு யூஸ் பண்ணுவா?" என்று கேட்டிருந்தால், நேர்மையான பதில் "இப்போதைக்கு யாரும் இல்லை" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாக் குட்டி இன்டர்பிரட்டரும் 5ஜி ஆகாது. எங்களுடையது நிச்சயமாக ஆகாது. ஆனால் அதை எழுதியதால்தான், ஒரு மொழி ஸ்லோ என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் ஸ்லோ, எந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவதற்காக ஸ்லோ என்று கேட்கத் தெரிகிறது. தலைப்பு ஃபார்ம் நிரப்பும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ராத்திரி ஒரு சின்ன வேலை. ஆரைத் திறங்கள். ஆர்ஸ்டூடியோ வேண்டாம், அதுவும் உங்கள் வெக்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கும், கணக்கு குழம்பும். வெறும் டெர்மினல் போதும். தசம எண்களில் ஒரு வெக்டர் உருவாக்கி, அதன் மேல் ட்ரேஸ்மெம் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். பிறகு அதையே இன்னொரு பெயருக்குக் கொடுங்கள். திரையில் காப்பி பற்றி ஒன்றும் வராது. இப்போது அந்தப் புதுப் பெயரில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். ஒரு வரி வரும்: அதுதான் ஜெராக்ஸ். இன்னொரு எண்ணையும் மாற்றுங்கள். இந்தத் தடவை வரி வராது. ஏன் வரவில்லை என்று பக்கத்து ரூம்காரனுக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால், நீங்கள் பாதி இன்டர்பிரட்டர் எழுதிவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு ஆள் வேண்டுமென்றால், நாங்கள் மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறோம்.