கோணேஸ்வரத்தில் தொடங்கி எங்கேயோ போன கதை

விடுமுறைக்கு வில்கமுவவில் நின்றபோது, ஆதர் சி. கிளார்க்கும் ஃபிரெடெரிக் போலும் சேர்ந்து எழுதிய 'த லாஸ்ட் தியரம்' (2008) நாவலை மாறி மாறி வாசிச்சம். நாயகன் எங்கட பெடியன்: திருகோணமலை ரஞ்சித் சுப்பிரமணியம், கோணேஸ்வரத் தலைமைக் குருக்களின் மகன். கிளார்க் 1956 இல் அந்தக் கோயிலடிக் கடலில் சுழியோடியவர். அதனால நிறைய எதிர்பார்த்தம்.

கணிதப் பைத்தியம், கடற்கொள்ளையர், சிறை என்று முதல்ல விறுவிறுப்பாத்தான் போகுது. பிறகு வேற்றுக்கிரகவாசிகள் வர, ரஞ்சித் வெறும் பார்வையாளனாகிறான். சிங்கள நண்பன் காமினியால் அப்பாவோடு வந்த பிணக்கை இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம். சிங்கள அயலுக்குள்ள வாழுற எங்களுக்கு, ஃபெர்மாவின் தேற்றத்தைவிட அதுதான் விடை தெரியாத கணக்கு.

புத்தகம் வரமுன்னமே கிளார்க் காலமாகிட்டார். போலும் 2013 இல் போயிட்டார். மிச்சக் கதையை நாங்கள்தான் எழுதவேணும்போல.