கிருமியே மருந்தாகும் போது

தறியோடும் சாயத்தோடும் வாழ்கின்ற ஓரிக்கைக் குடும்பங்கள் நாம். சிறுநீரில் வலியின்றிச் சிறிது இரத்தம் கண்டால், ‘உடற்சூடு’ என்று சொல்லி, இளநீரும் மோரும் பருகிவிட்டு அதனை மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாய் இருக்கின்றது. அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருத்தல் கூடும். இந்நோய்க்குத் தலையாய காரணம் புகையிலை. சாயம் செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளரிடையேயும் இந்நோய் தோன்றுவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-இலேயே எடுத்துக்காட்டினார்.

நம் இல்லத்துப் பெரியப்பாவுக்கு இந்நோய் கண்டது. கட்டியைக் குழாய் வழியே சுரண்டி எடுத்த மருத்துவர், அது உட்சுவரைக் கடந்து ஆழப் பரவவில்லை என்றும், மீண்டும் முளையாதிருக்கப் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்த வேண்டும் என்றும் கூறினார். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, உயிருள்ள கிருமியே அம்மருந்து என்று அறிந்ததும் பெரியம்மா திடுக்கிட்டார். “பேரப்பிள்ளைகள் உருண்டு புரளும் வீடாயிற்றே, இந்தக் கிருமியை உள்ளே விடலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியதில் அறிந்தவற்றைப் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியைப் பிரான்சு நாட்டு லீல் நகரில் கால்மெத், கெரேன் என்னும் இருவர் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்தனர். 1921 முதல் அது காசநோய்த் தடுப்பு மருந்தாயிற்று. 1948-இல் நம் சென்னைக் கிண்டியிலேயே அதனைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் எழுந்தது. நம் பிள்ளைகளின் இடத்தோளில் காணும் சிறு தழும்பு அதன் அடையாளமே. ஆயினும் 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், தயாரிக்கும் இடத்தில் கொடிய காசநோய்க் கிருமி கலந்துவிட்டமையால், எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அங்கே உயிர் குடித்தது மனிதரின் கவனக்குறைவே.

கனடா நாட்டு மருத்துவர் ஆல்வரோ மொராலிஸ் இம்மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் பயன்படுத்திய விவரத்தை 1976-இல் வெளியிட்டார். வாரம் ஒரு முறையாக 6 வாரம், மெல்லிய குழாய் வழியே மருந்தைச் செலுத்துவர். 2 மணி நேரம் சிறுநீரை அடக்கியிருத்தல் வேண்டும். கிருமியைக் கண்டு அங்கே விரையும் உடலின் காவற்படை, எஞ்சியுள்ள புற்று அணுக்களையும் சேர்த்து அழிக்கின்றது.

குழந்தைக்கு ஊசியில் இடுவதைப் பார்க்கிலும் பன்னூறு மடங்கு கிருமி இதில் உண்டு. ஆகையால் ஓரிரு நாள் எரிச்சலும் சிறு காய்ச்சலும் வருதல் இயல்பு. கடுமையான தீங்கு நூற்றில் ஐவருக்கும் குறைவானோர்க்கே நேர்கின்றது. கிருமி இரத்தத்தில் கலப்பதே பேராபத்து. ஆதலின் அறுவைக்குப் பின் புண் ஆற இரு வாரமேனும் பொறுப்பர். குழாய் இடுகையில் இரத்தம் கசிந்தாலும், சிறுநீரில் வேறு தொற்று இருந்தாலும், அன்று மருந்து செலுத்த மாட்டார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் முதலாக, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றியவர்க்கு இது ஆகாது.

வீட்டார் அறிய வேண்டுவதும் உண்டு. மருந்து ஏற்றிய பின் 6 மணி நேரம் வரை நோயாளி உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, பிளீச்சிங் கரைசலை ஊற்றி, 15 நிமிடம் சென்றபின் நீர் விட வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். உடன் உண்பதாலோ, பேரப்பிள்ளையை மடியில் இருத்துவதாலோ அது தொற்றாது.

மூன்றாம் முறைக்குப் பின் பெரியப்பாவுக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டு, இரண்டு நாளாகியும் தணியவில்லை. பிள்ளைகளுக்கு மேலும் செலவு வைக்கலாகாதென்று அவர் மறைத்தார். பெரியம்மா கண்டுகொண்டு, பிடிவாதமாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் உடனே சிகிச்சையை நிறுத்திவைத்து, காசநோய்க்குரிய ஐசோனியாசிட் மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் முற்றும் நீங்கிய பின்னரே மீண்டும் தொடங்கினார். ஆறு முறையும் நிறைவுற்றது.

இம்மருந்தின் பாதுகாப்பில் ஒரு பாதி மருத்துவரின் கையில் இருக்கின்றது. மறுபாதி நோயாளியின் நாவில் இருக்கின்றது. முன்பு காசநோய் வந்ததுண்டா, என்னென்ன மாத்திரை உட்கொள்கின்றோம், காய்ச்சல் எத்தனை நாள் என்பவற்றை ஒளிக்காது உரைத்தல் வேண்டும். மருத்துவரும் மருந்தும் ஆண்டவர் அளித்த கொடை எனச் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கின்றது. புற்றுநோய்க்கென்றே அரசு நடத்தும் மருத்துவமனை நம் காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையிலேயே இருக்கின்றது. வெட்கத்தாலோ, செலவுக்கு அஞ்சியோ, எவரும் நோயை மறைக்க வேண்டா. நம் வீட்டு முதியோர் வாய் திறந்து சொல்லத்தக்க அன்பும் பொறுமையும் நம்மிடம் விளங்க இறைவன் அருள்வாராக.