ஈயக் கட்டி

ஜூன் 6

மச்சைக் காலி செய்தோம். வீடு மாமாவின் அப்பா காலத்தது. ஓடு மாற்றும்போதே அடுக்களையையும் பழைய மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். சுவரில் நீளமாக மரத்தட்டு, அதில் பித்தளையும் வெண்கலமும், மூலையில் ஆட்டுரல். படங்களில் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை, மறைப்பானேன். “எல்லாரும் மாடுலர் கேக்காங்க, நீங்க பரண் கேக்கீங்க” என்று கொத்தனார் சிரித்தார்.

மச்சில் கிடைத்தது கொஞ்சம்தான். கழுத்து நசுங்கிய பித்தளைத் தவலை, மணை செல்லரித்துப்போன அரிவாள்மணை, உரல் தொலைந்து அச்சுகள் மட்டும் மிஞ்சிய முறுக்குச் சாமான், ஓர் இரும்புப் படி. படியின் விளிம்பில் சின்னச் சின்னதாக அரசு முத்திரைகள், ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 1956-இல் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் புகுந்ததோடு படிக்குக் கடைத்தெருவில் வேலை போய்விட்டது. அத்தை மட்டும் இன்றைக்கும் அரிசியை உழக்குக் கணக்கில்தான் போடுவார்.

“மத்த ஏனமெல்லாம் எங்க அத்தை?”

“எல்லாம் எவர்சில்வர் ஆயிட்டு.”

இரண்டு அண்டா, ஒரு கொப்பரை, நாலு குடம். போட்டுவிட்டு வாங்கியது ஒரு டப்பா அடுக்கும் ஆறு தட்டும். அதைச் சொல்லும்போது அத்தை முகத்தில் வருத்தம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை.

ஜூன் 11

கூலக்கடை பஜார் பக்கம் ஒரு பாத்திரக்கடை. முன்னால் புதுச் சாமான், பின்கட்டில் எடைக்கு வந்த பழசு. அண்ணாச்சி உள்ளே விட்டார். பழைய பித்தளைக்கு இரண்டு விலை: உருக்கப் போனால் ஒன்று, என்னைப் போன்ற ஆள் ஆசையாகத் தடவிப் பார்த்தால் இன்னொன்று. தடவாமல் கேட்கப் பழகவேண்டும். முன்பக்கம் ‘ஆன்டிக்’ என்று கருப்பேற்றிய கூஜாக்களும் இருந்தன. மொராதாபாத் சரக்கு, போன மாதம் வந்ததாம். அதையும் வாங்கிப் போகிறார்கள்.

பின்கட்டில் அரைமணி நேரம் குந்தியிருந்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. கூர் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியது. ஒரு கும்பாவின் விளிம்பில் முதலெழுத்து இரண்டும் ஓர் ஊர்ப்பெயரும். ஒரு குடத்தின் கழுத்தில் ‘திருமண அன்பளிப்பு’, தேதியோடு. ‘ண’வுக்குச் சுழி ஒன்று குறைகிறது. வெட்டியவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். கல்யாண வீட்டுக்கு இரவல் போன ஏனம் தப்பாமல் திரும்பிவரப் பெயர் வேண்டும். வட்டிக்கடைக்குப் போனாலும் வேண்டும். ரயிலடிப் பக்கத்து வீடுகளில் மழைக்காலம் வந்தால் அண்டா அடகுக்குப் போய், அறுவடைக்குத் திரும்பும் என்று அத்தை சொல்வார்.

குடத்தை எடுத்தேன், வைத்தேன். அந்தப் பெயர்க்காரி உயிரோடிருந்து, என் வீட்டுத் தட்டில் அதைப் பார்த்தால்? கும்பாவை மட்டும் வாங்கினேன். முதலெழுத்துதானே, யாராகவும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்துப் பழைய சாமானுக்கு வெளியூர் ஆள் ஆசைப்படுவது புதிதல்ல. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப்போனார். பின்னால் அலெக்சாண்டர் ரீ தோண்டியது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெண்கல மூடிகளின் மேல் விலங்கும் பறவையும் நிற்கும். மூடியைத் தூக்கப் பிடி வேண்டும், அந்தப் பிடி ஏன் வெறும் குமிழாக இருக்கவேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஜூன் 17

செங்கோட்டை. அம்மா வழியில் ஒரு பெரியம்மா வீடு. அங்கே சாமான்களின் முகமே வேறு. தென்காசியில் தவலையும் சருவமும் என்றால், அங்கே உருளி, கிண்டி, புட்டுக்குடம். ஓர் உருளியின் காதில் மலையாள எழுத்து. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது. நமக்கு எட்டு கிலோமீட்டர். அடுப்புக்கு அது வேறு ராஜ்யம். ஆரியங்காவு மலையைக் குடைந்து 1904-இல் ரயில் வந்த பிறகு, கொல்லத்துப் பக்கத்துச் சாமான் இந்தப் பக்கம் வருவது இன்னும் லேசாகியிருக்கும்.

பெரியம்மா இரண்டு ஏனங்களைத் தட்டிக் காட்டினார். பித்தளை ‘டப்’ என்று நின்றுவிடுகிறது. வெண்கலம் கோயில் மணிக்குத் தங்கைபோல இழுக்கிறது. செம்பு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, மீதி வெள்ளீயம். அவ்வளவு ஈயம் சேர்வதால்தான் அந்த நாதம், அதனாலேயே கீழே போட்டால் விரிசலும் விடும். பித்தளை நசுங்கும், வெண்கலம் உடையும். “மருமகளுக்குக் குடுக்கையில இதச் சொல்லித்தான் குடுக்கணும்” என்றார். உருளியை எனக்கே தந்தார். தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதில் இடது தோள் இன்னும் வலிக்கிறது.

ஜூன் 24

சாரல் விடவில்லை. சென்னையிலிருந்து வந்த நாத்தனார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவி. நல்ல கூட்டம், நல்ல தண்ணீர். திரும்பி வந்து துணி காயப்போட இடமில்லாமல் கொடியைப் பட்டாசலில் கட்டினோம். அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். பத்து நாள் முன்னால் விளக்கி அடுக்கியதெல்லாம் மங்கி, கும்பாவின் விளிம்பில், எழுத்துக்குள்ளே எல்லாம், பச்சை. குற்றாலத்துக் காற்றைத் தேடி ஊர் ஊராக வருகிறார்கள், அதே காற்றுக்குப் பித்தளை என்றால் கொண்டாட்டம்.

அங்கணத்தில் உட்கார்ந்து விளக்கினேன். புளி, சாம்பல், தேங்காய் நார். முதலில் புளிக்கரைசலைத் தடவினால் பச்சை கரைந்து, செம்பின் ரோஜா நிறம் எட்டிப் பார்க்கிறது. சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்தால் மஞ்சள் திரும்புகிறது. ஈரம் விடாமல் துடைக்கவேண்டும், ஒரு சொட்டு நின்றால் அந்த இடத்தில் கறை. ஏழு சாமானுக்கு ஒன்றரை மணி நேரம். எழுந்தபோது இடுப்பு என்னுடையதாக இல்லை.

அத்தை தார்சாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப பதினெட்டு உருப்படி. வெள்ளி, செவ்வா ரெண்டு நாளும் வெளக்கணும். எவர்சில்வர் வந்த அன்னைக்கு நான் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், தெரியுமா?”

அன்றைக்கு முகத்தில் வருத்தம் ஏன் தெரியவில்லை என்பதற்குப் பதில் கிடைத்தது. அகமதாபாதில் சுரேந்திர படேல் என்பவர் 1981-இல் பாத்திரங்களுக்கென்றே அருங்காட்சியகம் வைத்தார், வேச்சார் என்று பெயர், ஆயிரக்கணக்கில் சேர்த்திருக்கிறார் என்று எடுத்துச் சொன்னேன், என் கட்சிக்கு ஆள் சேர்க்கிற மாதிரி. அத்தை கேட்டது ஒரே கேள்வி: “அத யாரு வெளக்குதா?”

தட்டில் இருந்த ஏழில் மூன்றைத் திரும்ப மச்சில் ஏற்றினேன். சமைக்காத எதையும் வெளியே வைப்பதில்லை என்று முடிவு. பார்வைக்கு மட்டும் என்றால் அது இன்னொருத்தியின் இடுப்பைக் கடன் வாங்கி அலங்காரம் செய்வது.

ஜூலை 2

சமைக்கிற சாமான் என்றால் முதலில் ஈயச்சொம்பு. வெளியூரில் ஒரு கடையில் ‘நூறு சதம் அசல்’ என்று வாங்கியாயிற்று. அத்தை கையில் வாங்கி எடை பார்த்தார், தாளில் ஒரு கோடு இழுத்தார். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறம் ஒட்டியது. “காரீயம் கலந்திருக்கு. இதுல ரசம் வச்சா குடிக்கிறவனுக்குப் புத்தி மங்கிப் போவும்.” வெள்ளீயம் இப்படித் தாளில் ஒட்டாது. காரீயம் மெத்து, எடையும் கூடுதல். புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்துச் சோற்றில் சேர்த்துவிடும், பிள்ளைகளுக்கு மூளையைத்தான் முதலில் தாக்கும். சொம்பு இப்போது தோட்டத்தில். செடிகூட வைக்கவில்லை.

ராத்திரி அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழம்புடவையில் சுற்றிய ஒரு சொம்பை எடுத்துக் கொடுத்தார். அவர் அம்மா கொடுத்ததாம். வாயில் லேசான கோணல். எவர்சில்வருக்குப் போகாமல் தப்பியது இது ஒன்று. ஏன் தப்பியது என்று கேட்டேன். “ரசத்துக்கு” என்றார்.

ஜூலை 13

எழுதவே கை வரவில்லை.

ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றக்கூடாது. புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் ஏற்றவேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், கேஸ் தீ அதைப்போல் பல மடங்கு. உள்ளே தண்ணீர் இருக்கிறவரைக்கும் நூறைத் தாண்டாது, சொம்பு பிழைக்கும். எல்லாம் தெரியும். பத்து நாளாகத் தினம் வைத்திருக்கிறேன். இன்று அடுப்பைப் பற்றவைத்துச் சொம்பை வைத்தேன், போன் அடித்தது, புளி கரைத்த கிண்ணம் மேடையிலேயே இருந்தது.

சத்தமே கேட்கவில்லை. வந்து பார்த்தால் சொம்பு உட்கார்ந்திருக்கிறது, குளிக்கிறவள் மாதிரி. அடிப்பாகம் போய், பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டை. அணைத்தபோது மேல்பாதியும் சாய்ந்தது.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நின்றேன். அவரே வந்து பார்த்தார். திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஆறியதும் கத்தியால் நெம்பி எடுத்து, மேல்பாதியோடு சேர்த்துத் துணியில் முடிந்து வைத்தார். “எங்க அம்மாவும் ஒண்ண உருக்கியிருக்கா. இது ரெண்டாவது” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா, தெரியாது.

ஜூலை 22

ஈயம் பூசுகிறவர் வந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தெருவுக்கு வருவாராம். மச்சிலிருந்த தவலையை எடுத்துக் கொடுத்தேன். மரச்சுத்தியலால் தட்டிக் கழுத்தை நிமிர்த்தினார். மணலும் கந்தலும் போட்டு உள்ளே தேய்த்தார். கரியடுப்பு, பக்கத்தில் கையால் சுற்றுகிற ஊதி. துருத்தி அவர் அப்பாவோடு போயிற்றாம்.

கைவசம் ஈயம் குறைவு, விலை ஏறிக் கிடக்கிறது என்று சொன்னார். அத்தை உள்ளே போய்த் துணிமுடிச்சைக் கொண்டுவந்து அவர் முன்னால் அவிழ்த்தார். கிழவர் ஒரு ஓரத்தை ஒடித்து, காதருகே வைத்து மெல்ல வளைத்தார். கறுக், கறுக் என்று ஒரு சத்தம். எனக்கும் கேட்கச் சொன்னார். “நல்ல ஈயம்னா அழும்மா.”

தவலை பழுக்கச் சுட்டது. நவச்சாரத்தை ஒரு சிட்டிகை தூவினார், வெள்ளைப் புகை மூக்கைப் பிடுங்கியது. சொம்பின் துண்டை உள்ளே தொட்டுத் தேய்த்தார், தொட்ட இடத்தில் தண்ணீராக ஓடியது. பஞ்சால் ஒரு சுழற்று. மஞ்சளுக்குள் நிலா ஏறின மாதிரி, ஓரத்திலிருந்து அடிவரைக்கும் வெள்ளை. தண்ணீரில் முக்கியபோது சீறியது. துண்டில் கால்வாசிதான் செலவானது. மீதியை அத்தை திரும்ப முடிந்துகொண்டார்.

“இத வச்சு இன்னும் மூணு தடவ பூசலாம்” என்றார் கிழவர்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

விடியுமுன் இவர் பேரருவிக்குப் போய்க் குளித்து, தர்ப்பணம் முடித்து வந்தார். வீட்டில் பதினோரு பேருக்குச் சாப்பாடு. அத்தை தவலையை அடுப்பில் வைக்கவிடவில்லை, முதலில் புளித்தண்ணீரை ஊற்றச் சொன்னார். “இது பித்தளை அத்தை, உருகாது.” “உள்ளாற இருக்கது உருகும்லா?” அதுவும் சரிதான்.

நுரை கட்டியதும் இறக்கினோம். கடைசிப் பந்தியில் அத்தை உட்கார்ந்தார். கையில் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“உப்பு பத்தல.”